“போடப் போட பழகிடும்”: செருப்பும் ஷூவும் காலைப் படுத்தும் பாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். அதற்கு முன்பு, பள்ளி விடுமுறை நாட்களில் எல்லாம், திருப்பாதிரிப்புலியூரில் அப்பா வைத்திருந்த செருப்புக்கடையில் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். அங்கே கேட்ட அதே கேள்விகளைத்தான் இங்கேயும் கேட்கிறேன். அங்கே செருப்பு வாங்கும்போது கேட்டார்கள், இங்கே வலி வந்த பிறகு கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கேள்விகளை அவரவர் சொன்னபடியே போட்டிருக்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 17-வது கேள்வியை முதலில் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

1. புதுச் செருப்புன்னா கடிக்கத்தான் செய்யும், போடப் போட பழகிடும். அப்படித்தானே மேடம்?

பாதி உண்மை. தோல் செருப்பின் வார் சில நாளில் இளகும், பக்கவாட்டில் கொஞ்சம் விரியும். ஆனால் நீளத்தில் இம்மியும் கூடாது, சோல் விடாது. ரெக்ஸின் என்றால் அகலத்திலும் பெரிதாக இளகாது. இன்று மலிவாகக் கிடைக்கும் ஃபேஷன் ரகங்களில் பாதிக்கு மேல் ரெக்ஸின்தான்.

அப்படியானால் பழகிப்போவது எது? உங்கள் கால். உராயும் இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழுகிறது, விரல் மடங்கி ஒதுங்கிக்கொள்கிறது. வலி குறைந்ததும் செருப்பு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. வருடக்கணக்கில் ஒரே பக்கம் நெருக்கினால் அவையும் வரிசை மாறும். “கடையிலேயே கடிச்சா வீட்ல குதறும்” என்பார் அப்பா. அப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனை வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்.

2. நான் எப்பவும் ஏழாம் நம்பர்தான் போடுவேன். அப்புறம் எப்படி அளவு தப்பாகும்?

நாம் சொல்லும் 6, 7, 8 எல்லாம் பிரிட்டிஷ் கணக்கு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மி.மீ. பெட்டியில் 40, 41 என்று போட்டிருந்தால் அது ஐரோப்பியக் கணக்கு. அதில் ஒரு படி மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது சுமார் 6.7 மி.மீ. இரண்டுமே நீளத்தைத்தான் சொல்கின்றன, அகலத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஷூ தைக்கிறவர்கள் லாஸ்ட் என்று ஒரு கால் அச்சு வைத்திருப்பார்கள். அந்த அச்சு கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் மாறும். ஒரு ஏழு தொளதொளவென்று இருப்பதும் இன்னொரு ஏழு உயிரை வாங்குவதும் அதனால்தான்.

நம் ஊர்க் கால்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட இந்தியக் கால் பொதுவாக அகலம் என்று தெரியவந்தது. அதை வைத்து ‘பா’ என்ற பெயரில் நமக்கென்று ஓர் அளவு முறையையும் வகுத்திருக்கிறார்கள். அகலம் போதாததால் ஒரு நம்பர் நீளமாக வாங்கி, குதிகால் வழுக்க வழுக்க நடக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் காலும் அதே காலாக இருக்காது. வயது ஏற ஏறத் தசைநார்கள் தளர்ந்து பாதம் அகலும். கர்ப்ப காலத்தில் பாதத்தின் வளைவு கொஞ்சம் இறங்கி நீளம் கூடும், சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. கல்யாணத்துக்கு முன்பு ஆறு போட்டேன் என்பதற்காக இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும் ஆறையே கேட்டு வாங்க வேண்டியதில்லை.

3. சரியான அளவுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

சாயங்காலம் போங்கள். காலையில் இருப்பதைவிட மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். உட்கார்ந்து போட்டுப் பார்க்காமல் எழுந்து நில்லுங்கள், உடம்பின் எடை விழுந்தால்தான் பாதம் முழுசாக விரியும். ஷூ என்றால் மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். மிக நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரலாக இருக்காது, பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். அடுத்து அகலம். விரல்கள் தொடங்கும் இடத்தில்தான் பாதம் மிக அகலம். ஷூவின் அகலமான இடமும் அங்கேதான் வர வேண்டும். அங்கே தோல் புடைத்துக்கொண்டு நின்றால் வேண்டாம்.

வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு வெள்ளைத்தாளில் நின்று, இன்னொருவரை விட்டு உங்கள் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அதன்மேல் உங்கள் ஷூவை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால், தெரிகிற அத்தனையும் தினமும் உள்ளே அமுக்கித் திணிக்கப்படுகிறது. கூர்முனை ஷூ வைத்திருக்கிற பெண்களிடம் இதைச் செய்து காட்டினால் கொஞ்ச நேரம் பேச்சே வராது.

கடைகளில் முன்பு உலோகத்தில் ஒரு அளவுத்தட்டு இருக்கும், குதிகாலை வைத்தால் நீளம், அகலம் இரண்டும் காட்டும். அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் செருப்புக்கடைக்காரர் மகனான சார்லஸ் பிரானக் 1920-களில் செய்தது அது. அப்பா அந்தத் தட்டை விபூதித் தட்டு மாதிரி துடைத்து வைப்பார். இப்போது அநேகக் கடைகளில் “என்ன நம்பர் சார்?” என்பதோடு சரி.

4. எனக்கு ஒரு கால் பெரிசா இருக்கு. ஏதாவது நோயா?

இல்லை. அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான். பெரிய காலுக்கு வாங்கி, சின்னக் காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய இன்சோல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியிருந்தால் கதை வேறு, டாக்டரிடம் போங்கள்.

5. ஆன்லைன்ல வாங்கலாமா? சைஸ் மாறி வந்தா தலைவலி.

வாங்கலாம், ஆனால் நம்பரை நம்பாதீர்கள். 3-வது கேள்வியில் வரைந்த தாளில் குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்து, அந்த மாடலின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க எண்ணா பிரிட்டிஷ் எண்ணா என்றும் பாருங்கள். ஆண்களுக்கு அமெரிக்க எண் சுமார் ஒன்று கூடுதலாக வரும், பெண்களுக்கு சுமார் இரண்டு. வந்ததும் வீட்டுக்குள்ளேயே, சுத்தமான தரையில், சாயங்காலம் அரை மணி நேரம் போட்டு நடங்கள். தெருவில் போட்டு மண் ஒட்டிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டுக்கும் இதே கதைதான். பேரம் பேசும் வேகத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போட்டுப் பார்க்கிறோம், இரண்டையும் போட்டு நாலடி நடக்க யாருக்கும் பொறுமை இல்லை.

6. கால் ஆணியை பிளேடால வெட்டி எடுத்தேன். திரும்பத் திரும்ப வருதே?

ஆணி என்று பெயர் வைத்ததே வினை. உள்ளே ஏதோ குத்தி நிற்கிறது, பிடுங்கினால் போய்விடும் என்று நினைக்கிறோம். அது அழுத்தத்துக்குத் தோல் போட்டுக்கொண்ட கவசம். ஒரே புள்ளியில் அழுத்தம் விழும்போது அங்கே தோல் கூம்பு மாதிரி உள்நோக்கித் தடிக்கிறது. அழுத்துகிற செருப்பு அப்படியே இருக்கும்வரை நீங்கள் வெட்ட வெட்ட அது வளரும். சுண்டுவிரல் மேல் வந்தால் ஷூவின் பக்கம் இறுக்கம், மடங்கிய விரலின் கணு மேல் வந்தால் முன்பக்கம் உயரம் போதவில்லை. ஆணி இருக்கும் இடமே எந்தச் செருப்பு குற்றவாளி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வெந்நீரில் ஊறவைத்து, பியூமிஸ் கல் என்ற நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்தால் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் கார்ன் பிளாஸ்டரில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது, தடித்த தோலோடு நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரை உள்ளவர்கள் பிளேடு, பிளாஸ்டர் இரண்டையும் தொடவே கூடாது. இன்னொன்று: பாதத்தின் அடியில் வருவதெல்லாம் ஆணி இல்லை, வைரஸால் வரும் மருவும் உண்டு. இரண்டு பக்கமிருந்தும் கிள்ளினால் உயிர் போகிற மாதிரி வலித்தால், நடுவே கரும்புள்ளிகள் தெரிந்தால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

7. பெருவிரல் பக்கத்துல எலும்பு துருத்திக்கிட்டு வருது. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. இது பரம்பரையா, செருப்பாலயா?

இரண்டும்தான். பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாயச் சாய, அதன் அடி மூட்டு வெளியே புடைக்கும். இப்படி வளையக்கூடிய கால் அமைப்பு குடும்பத்தில் வரும். கூர்முனை ஷூ அதை வேகப்படுத்தும். 1958-ல் வெளியான ஒரு ஹாங்காங் ஆய்வில், ஷூ போடுகிறவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்தக் கோணல் இருந்தது. ஷூவே போடாமல் படகுகளில் வாழ்ந்தவர்களில் 1.9 சதவீதம்தான். தேவனாம்பட்டினத்தில் வயதான மீனவர்களின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். கால் இயல்பில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ராத்திரி கட்டிக்கொள்ள சிலிக்கான் பட்டை விற்கிறார்கள். கட்டியிருக்கும்வரை இதமாக இருக்கலாம், ஆனால் வளைந்ததை நிரந்தரமாக நேராக்காது. நேராக்க அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் அழகுக்காக இல்லாமல் நடக்கவே முடியாத வலிக்குத்தான். பெரும்பாலோருக்கு முன்பக்கம் அகலமான செருப்புக்கு மாறினாலே வலி அடங்கும், துருத்தல் மட்டும் அப்படியே இருக்கும்.

8. முன்பாதத்துல கூழாங்கல் மாட்டின மாதிரி இருக்கு. ஷூவைக் கழட்டிப் பார்த்தா ஒண்ணும் இல்ல.

கல் ஷூவில் இல்லை, காலுக்குள் இருக்கிறது. மூன்றாவது, நாலாவது விரல்களுக்கு நடுவே போகும் நரம்பு எலும்புகளுக்கிடையே நசுங்கி நசுங்கித் தடித்துவிடும். சுரீரென்று வலிக்கும், விரல் மரத்துப்போகும், ஷூவைக் கழற்றி அமுக்கிவிட்டால் சரியாகும். இறுக்கமான ஷூவும் ஹீல்ஸும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் ஷூவை மாற்றுங்கள், ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

9. ஹீல்ஸ் எவ்வளவு உயரம் வரைக்கும் போடலாம்?

இந்த அளவு வரை பாதுகாப்பு என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. உயரம் ஏற ஏற உடம்பின் எடை குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கு இறங்கும். சாய்வுப் பலகை மாதிரி பாதம் முன்னால் சறுக்கி விரல்கள் முனையில் முட்டும். முனையும் கூர்மையாக இருந்தால் இரட்டைத் தண்டனை. தினமும் போட மூன்று சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் தடிமன், அதற்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்கிறேன். பென்சில் ஹீலைவிடக் கட்டை ஹீல் நல்லது, கணுக்கால் பிசகுவது குறையும். ஹீல் எட்டு சென்டிமீட்டர், முன்பக்க சோலே நாலு சென்டிமீட்டர் என்றால் பாதத்தின் சாய்வு நாலுதான். ஆனால் அத்தனை தடித்த சோலில் தரை காலுக்குத் தெரியாது, பாண்டியின் வெள்ளை நகர் நடைபாதை விளிம்பில் இடறினால் தெரியும் சேதி.

ஹீல்ஸ் முதலில் ஆண்களுடையது. குதிரையில் போகும்போது அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கப் பாரசீக வீரர்கள் போட்டார்கள். பிரான்சின் 14-ஆம் லூயி சிவப்புக் குதிகால் வைத்து ஆடம்பரம் பண்ணினார். ஆண்கள் சாமர்த்தியமாகக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

10. பத்து வருஷமா ஹீல்ஸ்தான். அதைக் கழட்டிட்டு தட்டையா நடந்தாதான் கெண்டைக்கால் வலிக்குது. அப்ப எனக்கு ஹீல்ஸ்தானே நல்லது?

முதல் கேள்வியின் ‘பழகிடும்’ இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். குதிகால் எப்போதும் தூக்கியே இருப்பதால் கெண்டைக்கால் தசை குறுகிய நிலையிலேயே வேலை செய்கிறது. வருடக்கணக்கில் ஹீல்ஸ் போட்ட பெண்களை 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தசை நார்கள் குறுகியிருந்தன, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் தடித்து விறைத்திருந்தது. அதை இழுத்துக்கொண்டு தட்டையாக நடந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஒரே நாளில் ஹவாய்க்கு மாறாதீர்கள். ஏழு சென்டிமீட்டர் என்றால் இரண்டு மாதம் ஐந்து, அப்புறம் மூன்று என்று இறங்குங்கள். கூடவே தினமும் சுவரைப் பிடித்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முப்பது விநாடி நில்லுங்கள். காலுக்கு மூன்று முறை.

11. சரி, அப்ப தட்டையா இருக்கிற பெல்லியும் ஹவாய் செருப்பும் நல்லதுதானே?

எல்லாம் இல்லை. காகிதம் மாதிரி சோல், குதிகாலுக்கு ஒரு பிடிமானமும் கிடையாது, விரல் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெல்லி என்றால் சிமெண்டுத் தரையில் வெறுங்காலில் நடப்பதற்குச் சமம். ஹவாயில் பின் வார் இல்லாததால் ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் இறுக்கிப் பிடித்தாக வேண்டும். குளியலறை, தெருமுனைக் கடை, அவ்வளவுக்குச் சரி. அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்காதீர்கள். பின் வார் உள்ள, சோல் ஒரு விரல் தடிமன் இருக்கிற சாதாரணச் செருப்பு இரண்டையும்விட மேல்.

12. பொண்ணுக்கு திருவந்திபுரத்துல கல்யாணம், சாயங்காலம் பாண்டியில ரிசப்ஷன். ஹீல்ஸ் வேண்டாம்னா அழுவுறா. என்ன பண்றது?

போடட்டும். ஒரு நாள் ஹீல்ஸில் கால் கெட்டுவிடாது. கோயிலில் எப்படியும் வெறுங்கால்தான், பிரச்சினை ரிசப்ஷனில்தான். மூன்று மணி நேரம் நகராமல் நிற்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். செருப்புக்கடைக்காரர் மகள், அப்பாவுக்குத் தெரியாமல் வேறொரு கடையில் கடைசி ஜோடி என்று ஒரு நம்பர் சின்னதாகப் பென்சில் ஹீல் வாங்கினேன். ரிசப்ஷன் முடிந்த மறுநாள் பெருவிரல் நகம் கருத்தது, கொஞ்ச வாரத்தில் விழுந்தது. அப்பா ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. அதனால்: கட்டை ஹீல், சரியான நம்பர், கணுக்காலில் வார். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் அரை மணி வீட்டில் போட்டு நடக்கட்டும். மேடைக்குப் பின்னால் இன்னொரு ஜோடி இருக்கட்டும். அது ரொம்பத் தட்டையாக இருக்க வேண்டாம், ஏனென்றால் புடவைக் கொசுவத்தின் நீளத்தை ஹீல்ஸ் போட்டுத்தான் எடுப்பார்கள். உயரம் சட்டென்று குறைந்தால் கொசுவம் காலில் மிதிபடும்.

13. காலையில முதல் அடி வைக்கறப்ப குதிகால் உயிர் போகுது. எக்ஸ்ரேல எலும்பு வளர்ந்திருக்காம்.

எலும்பு வளர்ச்சி என்றதும் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் எக்ஸ்ரேயில் அந்த முள் தெரியும். வலிப்பது பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தடியில் போகும் தடித்த சவ்வு. ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்துவிட்டு முதல் அடியில் இழுபடும்போது வலிக்கிறது. தேய்ந்த சோல், 11-ல் சொன்ன தட்டைச் செருப்பு, கூடிப்போன எடை, நாள் முழுக்க நிற்கும் வேலை எல்லாம் காரணம்.

கட்டிலை விட்டு இறங்குமுன் விரல்களைக் கையால் உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். 10-ல் சொன்ன சுவர்ப் பயிற்சி இதற்கும் மருந்து. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துக் காலடியில் உருட்டலாம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். பூஜையறை வாசலில் கழற்றிக்கொண்டால் போகிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும். சில மாதங்கள் என்றேன், சில நாட்கள் இல்லை.

14. பாண்டி பீச் ரோட்டுல தினமும் வாக்கிங் போறேன். ஷூ புதுசு, விலையும் அதிகம். ஆனா பெருவிரல் நகம் கருக்குது.

ஷூ நீளம் போதவில்லை, அல்லது சரியான நீளம் இருந்தும் லேஸ் தளர்வாகக் கட்டிப் பாதம் முன்னால் ஓடுகிறது. ஷூவில் கணுக்கால் பக்கம் கடைசியாக ஒரு கூடுதல் துளை இருக்குமே, எதற்கென்று தெரியாமல் எல்லோரும் விட்டுவிடுவார்களே, அது இதற்குத்தான். லேஸை அதே பக்கத்து அந்தத் துளையில் விட்டு ஒரு சின்ன வளையம் பண்ணி, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது.

15. ஸ்கூல் ஷூ ரெண்டு சைஸ் பெரிசா வாங்கினா ரெண்டு வருஷம் வரும். தப்பா?

காசு விஷயம் புரிகிறது. ஜூன் மாதம் அப்பா கடையில் நடக்கும் பேச்சே இதுதான். ஆனால் பெரிய ஷூவில் பிள்ளை இடறி விழும், குதிகால் உராய்ந்து கொப்புளம் வரும். நீளம் சரியாகிற நேரத்தில் சோல் தேய்ந்திருக்கும். ஒரு கட்டைவிரல் இடைவெளி விட்டு வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். இடம் இல்லையென்றால் வருட நடுவிலேயே மாற்றுங்கள். சின்னப் பிள்ளைகளின் கால் எலும்பில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால், விரல் மடங்கினாலும் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அக்கா ஷூவைத் தங்கைக்குப் போடலாமா என்றால், உள்ளே அக்காவின் கால் பதிந்த பள்ளம் தெரியாதவரை போடலாம்.

16. பையனுக்கு தட்டைக்கால். விலை அதிகமான ஷூ போட்டா வளைவு வந்துடுமா?

சின்ன வயதில் எல்லாப் பாதமும் தட்டைதான். வளர வளர வளைவு தானாக வரும். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2,300 பிள்ளைகளைப் பார்த்து 1992-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஷூ, செருப்பு போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைக்கால், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம், செருப்பு போட்டவர்களுக்குக் குறைவு. வீட்டு வாசலிலும் மணலிலும் வெறுங்காலில் விளையாட விடுங்கள். வலி இருந்தால், ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால், பாதம் விறைப்பாக இருந்தால் மட்டும் டாக்டர்.

17. எனக்கு சுகர் பதினஞ்சு வருஷமா. இந்தச் செருப்பு கடிக்கவே இல்ல, அவ்வளவு நல்ல செருப்பு. ஆனா கால்ல புண்ணு!

இதைச் சொன்ன பெரியவரின் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஆணி சோலைத் துளைத்து உள்ளே அரை விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பு கடித்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. நீண்டநாள் சர்க்கரையில் பாத நரம்புகள் உணர்ச்சி இழக்கும். வலி என்பது ஒரு காவல்காரன், அவன் போய்விட்டால் கால் திறந்த வீடு. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளிடம் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் எடுத்துக்காட்டினார். விரல்கள் அழுகி உதிர்வது நோயால் நேரடியாக இல்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் காயத்தால். சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதே கணக்குதான். அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் இன்று மருத்துவமனைகளில் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு. உள்ளே மெத்தென்ற நுண்ணறை ரப்பர், வெளியே கெட்டி சோல்.

இறுக்கமாக இருந்தால்தான் ‘பிடிப்பாக’ இருக்கிறது என்று இவர்கள் சின்னதாக வாங்குவார்கள், உணர்ச்சி குறைந்த காலுக்கு அப்படித்தான் தோன்றும். அதனால் உணர்வை நம்பாமல் 3-ல் சொன்ன தாளை நம்புங்கள். போடுமுன் செருப்புக்குள் கையை விட்டுத் தடவுங்கள். ராத்திரி கண்ணாடி வைத்துப் பாதத்தடியைப் பாருங்கள். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம். பத்து கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். கோயிலில் உச்சிவெயிலில் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றிவிட்டுக் காலடி முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சூடு தெரியவே இல்லை என்றார்கள். விடியற்காலை போங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். புண் என்றால் அது எவ்வளவு சின்னதானாலும் அன்றே டாக்டர்.

18. சுகர் இருக்கு, பௌர்ணமிக்கு கிரிவலம் வெறுங்கால்லதான் போவேன்னு வேண்டுதல்.

14 கிலோமீட்டர். முந்தைய பதிலைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். சர்க்கரை இல்லாதவர்கள் போகலாம், ஆனால் வருடம் முழுக்க ஷூவிலேயே இருந்த கால் திடீரென்று 14 கிலோமீட்டர் தாருக்குத் தயாராக இருக்காது. சில்வர் பீச் ஈரமணலில் ஒரு மாதம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகுங்கள். இங்கே மட்டும் ‘பழகிடும்’ உண்மை.

19. சிப்காட்ல வேலை. சேஃப்டி ஷூ கட்டாயம், எட்டு மணி நேரம் விரல் நசுங்குது.

முனையில் இருக்கும் இரும்புத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கும்படி செய்தது, உங்கள் விரலுக்காக அது விரியாது. ஆக, வேறு எந்த ஷூவைவிடவும் இதில் அளவு முக்கியம். தொப்பியின் பின்விளிம்பு விரல் மடியும் இடத்தில் குத்துகிறதா என்று முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஸ்டோரில் அகலமான ரகம் கேளுங்கள், கம்பெனி கொடுக்கும் தடித்த சாக்ஸைப் போட்டே அளவு பாருங்கள். இன்சோல் தனியாக வாங்கினால் ஏற்கெனவே இருப்பதை எடுத்துவிட்டுப் போடுங்கள், அதன்மேல் போட்டால் இடம் இன்னும் குறையும்.

20. ஜவுளிக்கடையில நாள் முழுக்க நிக்கிறேன். கறுப்பு கட் ஷூ யூனிஃபார்ம். என்ன ஷூ போட்டா வலிக்காது?

நின்றுகொண்டே இருந்தால் எந்த ஷூவிலும் வலிக்கும். தமிழ்நாட்டில் 2021-ல் கொண்டுவந்த சட்டத்திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். அதை முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்பது என் பாடம் இல்லை, ஆனால் சட்டம் இருக்கிறது. கட் ஷூ கட்டாயம் என்றால் முனை வட்டமாக, அரை நம்பர் தளர்வாக, உள்ளே மெத்தை வைத்ததாக வாங்குங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும்.

21. மழைக்காலத்துல விரல் இடுக்கு அரிக்குது, ஷூ நாறுது. அலமாரியில வச்ச ஷூ சோல் பொடிப்பொடியா உதிருது. எல்லாத்துக்கும் கடல்காத்துதான் காரணமா?

ஒரு வகையில் ஆமாம். விரல் இடுக்கில் வருவது சேற்றுப்புண், பூஞ்சை. ஈரம் காயாத மூடிய ஷூதான் அதன் வீடு. ஒரே ஷூவைத் தினமும் போடாமல் இரண்டு ஜோடி வைத்து மாற்றுங்கள், ஒருநாள் விட்டால்தான் உள்ளே காயும். குளித்ததும் இடுக்கைத் துடையுங்கள். விரல்களை நெருக்கும் குறுகிய ஷூவில் இடுக்குக்குக் காற்றே போகாது, ஃபேஷன் ஷூவின் பாவக்கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதிர்கிற அந்த சோல் பாலியூரித்தேன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும், போட்டாலும் போடாவிட்டாலும். விசேஷத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைத்த ஷூதான் நம் ஊரில் முதலில் மக்கும். எடுத்துப் போட்டு நடங்கள்.

22. வாங்கியாச்சு, இறுக்குது, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்கிறார். என்ன செய்யலாம்?

நீளம் போதவில்லையா, அகலம் போதவில்லையா என்று முதலில் பாருங்கள். அகலம்தான் என்றால், தோலாகவும் இருந்தால், செருப்பு தைப்பவரிடம் கொடுங்கள். மரக்கட்டை அச்சு வைத்து இரண்டு நாள் விரிப்பார், துருத்திய இடத்துக்கு மட்டும் தனியாகவும் விரிக்க முடியும். வார்ச் செருப்பு என்றால் வாரைப் பிரித்து அரை விரற்கடை தள்ளித் தைத்துக் கொடுப்பார். லேஸ் ஷூவில் துருத்தல் இருக்கும் இடத்துக்கு நேரே ஒரு துளையை விட்டுவிட்டு லேஸ் கோர்த்தால் அந்த இடம் தளரும். ஈரத்துணி திணிப்பது, அடுப்புப் பக்கத்தில் வைப்பதெல்லாம் பசையைப் பிரித்துவிடும்.

நீளம் போதவில்லை என்றாலோ ரெக்ஸின் என்றாலோ ஒன்றும் செய்வதற்கில்லை. கால் சின்னதாக உள்ள யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் அவரைத் தாளில் நிற்க வைத்து ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.